எட்டுக் கோடு

அழகம்மாவைப் பற்றி யாராவது கேட்டால், மீனின் மூச்சை எண்ணத் தெரிந்தவர் என்றுதான் முதலில் சொல்லுவேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, எழுதப் படிக்கத் தெரியாமல், கடலை ஒரு தடவைகூடக் காணாமல், கண்டி நகரத்தின் நடுவில் ஆறு வருடம் கடல் மீன்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். நான் விஞ்ஞானப் பட்டதாரி, மகளிர் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பித்தவள். அவருக்குப் பக்கத்தில் நான் வெறும் கம்பவுண்டர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் கடையில் எல்லோரும் அவரை "அவ" என்றே சொன்னோம். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். மிகவும் பிந்திய மரியாதைதான், தெரியும்.

என் வாப்பா ஹாஷிமுக்குக் கண்டி கொழும்பு வீதியில் புடைவைக் கடை. வீடு அக்குறணையில். வாப்பாவுக்கு அவ்வப்போது ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு தடவை புறா, ஒரு தடவை பழைய கிராமபோன். 1978இல் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குக் கலியாணத்துக்குப் போனவர் அங்கே கடல் மீன் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, பிரியாணியைப் பாதியில் விட்டு அதன் முன்னால் நின்றாராம். மீன் பார்க்க வரும் சனம் புடைவையும் வாங்கும் என்பது அவருடைய வாதம்.

"கடல் இல்லாத ஊர்ல கடல் மீனா? ஒங்களுக்கு வேற வேல இல்லயா?" என்று உம்மா கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் காரியம் நடக்கப் போகிறது என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

ஆறடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. திகனைப் பக்கத்து வெள்ளைக் கல்லை உடைத்து அடியில் பரப்பினார்கள். கடல் தண்ணீர் திருகோணமலை மீன் லொறியில் பிளாஸ்டிக் கேன்களில் வந்தது. தண்ணீரில் உப்பு அளவாக இருக்கிறதா என்று பார்க்க, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கிற பால்மானி ஒன்றை நான் தேடிப் பிடித்தேன். கடல் தண்ணீரில் அது இருபத்துநாலு காட்ட வேண்டும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அழகம்மா அதற்கு முந்தின வருடமே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். 1977 கலவரத்தில் அவர் இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். புருஷன் சின்னமுத்து முன்பே காலமாகிவிட்டார். தேயிலையில் கொப்புளம் போடும் நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிற வேலை அந்த மனிதருக்கு. பிள்ளைகள் இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு தகரப் பெட்டியோடு கண்டிக்கு வந்தவருக்கு, கடை கூட்டித் துடைக்கிற வேலையும் மேல்மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே ஓர் அறையும் கிடைத்தன.

அந்தத் தகரப் பெட்டிக்குள் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் கிடந்தது. இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று மலையகத்துச் சனத்தைப் பங்கு பிரித்துக்கொண்டதில், சின்னமுத்துவும் அழகம்மாவும் இந்தியாவின் பங்குக்குப் போயிருந்தார்கள். எப்போது புறப்படுகிறாய் என்று கேட்டு அவ்வப்போது அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அதை நான்தான் வாசித்துக் காட்டுவேன். முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சாதாரணமாக இருந்தது. போகப் போக, அந்த மாதிரி நீளக் கடித உறை வந்தால் அன்றைக்கே பிரிக்காமல் மறுநாளுக்குத் தள்ளிப் போடத் தொடங்கினேன்.

தொட்டியின் கண்ணாடியைத் துடைப்பது அழகம்மாவின் வேலையாயிற்று. தினமும் காலையில் ஒரு மணித்தியாலம் கண்ணாடிக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்திருப்பவருக்கு மீன்கள் பழகாமல் வேறு யாருக்குப் பழகும்? ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தபோது, தொட்டிக்குப் பின்னால் பச்சைச் சுவரில் வெண்கட்டியால் கோடு கோடாகக் கீறியிருந்ததைக் கண்டேன்.

"இது என்ன வேல, அழகம்மா?"

"மீனோட மூச்சுங்க டீச்சரம்மா. செவுள் தொறந்து தொறந்து மூடுதில்ல, அத எண்ணுறேன். பத்துக்கு ஒரு கோடு. அஞ்சுன்னா அரைக் கோடு."

"எவ்வளவு நேரத்துக்கு?"

அவர் கண்ணாடியைக் காட்டினார். எதிர்ச்சுவரில் தொங்கிய கடிகாரம் தொட்டிக் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்தது. மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே அதன் சிவப்பு விநாடி முள் ஒரு சுற்று வருவதை அவரால் பார்க்க முடிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் நாடி பிடித்துப் பார்ப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவாராம். அதைப் பார்த்துப் பழகிய யோசனை.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் அவரை முதன்முதலில் மதித்தேன். காலைக் குளிரில் ஏழு கோடு. தீன் போட்ட பிறகு ஒன்பதரை. தண்ணீர் மாற்றிய நாள் பத்து. சாதாரணமாக எட்டு, ஆனால் எட்டும் ஏழரையாகவோ எட்டரையாகவோ ஆகிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரே அளவீட்டை மூன்று தடவை செய்து பார்க்கச் சொன்னால், சில பிள்ளைகள் ஒரு தடவை செய்துவிட்டு மூன்று இடத்திலும் ஒரே எண்ணை எழுதிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட கொப்பிகளை நான் ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்கிறேன். அழகம்மாவின் சுவர் கள்ளம் இல்லாத சுவர்.

தொட்டியில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் இருந்தன என்றாலும் வந்தவர்கள் எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான். கருநீல உடம்பு, அதில் வெள்ளை வெள்ளையாய் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். ஏஞ்சல் மீன் வகை. வாப்பா அதற்கு "வளையல்" என்று பெயர் வைத்தார். அவித்த கங்குன் கீரையை அழகம்மாவின் விரலிலிருந்தே பிய்த்துத் தின்னும். நான் விரலை நீட்டினால் கல்லுக்குப் பின்னால் போய்விடும். நானும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதவள்போல இருந்தேன்.

1980 கடைசியில் வளையலுக்கு நோய் வந்தது. வந்தது என்று நான் முடிவு செய்தேன். வெள்ளை வளையங்கள் உடையத் தொடங்கின, முதுகுப் பக்கம் மஞ்சள் மஞ்சளாய்ப் படர்ந்தது. பார்க்கவே அழுக்காக இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு புத்தகம் இரவல் வாங்கி வாசித்தேன். தோலில் ஒட்டுண்ணி, செம்பு கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்தில் செம்பு உப்பான மயில்துத்தம் இருந்தது. தொட்டியின் நீளம், அகலம், உயரம் பெருக்கி, தசம தானத்தில் மூன்று இடம் வரைக்கும் கணக்குப் போட்டேன்.

"இதுக்குச் சொகமில்லாம இல்லீங்க, டீச்சரம்மா" என்றார் அழகம்மா. "நல்லா திங்குது. மூச்சு எட்டுக் கோடுதான். ஒடம்பக் கல்லுல தேய்க்கல. சீக்குன்னா இந்த மூணுல ஒண்ணாச்சும் மாறணுமே."

"அப்ப இந்த நெறம்?"

"அது பெரிய மனுஷியாகுதுங்க."

நான் சிரித்தேன். பல்கலைக்கழகத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யார் சிரிக்கமாட்டார்கள்? மருந்தை ஊற்றினேன். மறுநாள் காலையில் தொட்டியில் இருந்த இரண்டு சிவப்பு இறால்களும் செத்துக் கிடந்தன. "இந்த நீல மருந்த எனக்குத் தெரியும்மா" என்றார் அழகம்மா. "எங்க வீட்டுக்காரரு சட்டையில பதினெட்டு வருசம் தொவைச்சிருக்கேன்." நான் கேட்கவில்லை. தண்ணீரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். செம்பையே காணவில்லை. அளவு போதாது என்று நினைத்து மறுபடி ஊற்றினேன். அடுத்த நாளும் செம்பு இல்லை. மறுபடி ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் நான் வந்தபோது வளையல் தொட்டியில் இல்லை. மேல்மாடியில், அழகம்மாவின் அறையில், பெரிய பிளாஸ்டிக் பேசினில் மிச்சம் இருந்த கடல் தண்ணீரில் கிடந்தது. சுவரில் பதினாலு கோடு.

"நீ யார்ட்ட கேட்டுத் தூக்கின?" என்று கத்தினேன். "நீ" என்று சொன்னேன். இன்றைக்கும் அது காதில் கேட்கிறது.

அவர் சத்தம் போடவில்லை. "அந்த வெள்ளைக் கல்லு மருந்தக் குடிக்குதுங்க" என்றார். "நீங்க ஊத்த ஊத்தக் குடிச்சிச்சு. இனிமே அதால ஏலாது. இனி இந்த மீனு குடிக்க வேண்டியதுதான்."

சுண்ணாம்புக் கல்லான அந்தத் திகனைக் கல் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். இரசாயனம் படித்தது நான். அந்தக் கல் குடித்திருக்காவிட்டால் முதல் நாளே மீன் செத்திருக்கும். பேசின் தண்ணீரை மாற்றி மாற்றி ஒன்பது நாள் வைத்திருந்தார். பத்தாம் நாள் எட்டரைக் கோடு. மூன்று நாலு மாதத்தில் வளையங்கள் எல்லாம் மறைந்து, நீல உடம்பில் தலை தொடங்கி வால் வரைக்கும் மஞ்சள் கோடுகள் பளிச்சென்று வந்து நின்றன. புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்தப் படமும் இருந்தது. குஞ்சு ஒரு விதம், வளர்ந்தது ஒரு விதம். நான் பின்பக்கம் வரை வாசிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. ஒரு பெட்டி வெண்கட்டி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு "நீ" என்று நான் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டரை வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடை. மேல்மாடியில் கல்லே போடாத சின்னத் தொட்டி ஒன்றை ஆஸ்பத்திரியாக்கினோம். செம்பு கொடுப்பதென்றால் அதற்குள்தான். லொறியில் வரும் ஒவ்வொரு கேனையும் நான் பால்மானியை விட்டுப் பார்ப்பேன். அழகம்மா மூடியைத் திறந்து மோந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். மண்ணெண்ணெய் வாடை, சவர்க்கார ருசி என்று எத்தனை கேனைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் தன்னுடைய மீன் கல்லில் உரசிக்கொண்டே இருக்கிறது என்று ஆள் அனுப்பினார். அழகம்மா போய், அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைப் பேசினில் உப்பில்லாத நல்ல தண்ணீர் கேட்டார். கடல் மீனை நல்ல தண்ணீரில் விட்டால் செத்துவிடுமே என்று அந்த மனிதர் பதறினார். "அஞ்சு நிமிசம் மீனு தாங்கும். அதுமேல ஒட்டியிருக்கிறது தாங்காது" என்றார் அழகம்மா. மீனை எடுத்தபோது பேசினின் அடியில் சவ்வரிசிப் பொடிபோல வெள்ளை வெள்ளையாய் ஏதோ உதிர்ந்து கிடந்தது. அத்தனையும் ஒட்டுண்ணி. ஹோட்டல்காரர் எனக்குக் கை கொடுத்து, "தேங்க் யூ டொக்டர்" என்றார். நான் அழகம்மாவைக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்.

இடையிடையே அந்த நீளக் கடித உறை வரும். வாசித்துக் காட்டுவேன். "இப்ப எப்புடிங்க போறது? வளையலுக்குத் தண்ணி மாத்தணுமே" என்பார். இன்னொரு தடவை, மழை முடியட்டும் என்பார். நான் அதை எழுதாமல், அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிப் போடுவேன். எனக்கு அவரைவிட நெருங்கின சிநேகிதி வேறு ஒருத்தியும் இல்லை. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. அந்த மீன் இருக்கிற வரைக்கும் அவர் போகமாட்டார் என்று எனக்குள்ளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

1983 யூலை. செவ்வாய்க்கிழமை பகல் கடைவீதியில் புகை எழும்பியது. கும்பல் கும்பலாக வந்து தமிழ் ஆட்களின் கடைகளைத் தேடித் தேடி உடைத்தார்கள். அழகம்மாவை வேனில் அக்குறணைக்குக் கொண்டுவர வாப்பா நினைத்தார். வழியில் வாகனங்களை மறித்துத் தமிழ் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று தெரிய வந்தது. கடைப் பெயர்ப் பலகையில் முஸ்லிம் பெயர் இருக்கிறது, உள்ளே இருப்பதுதான் பாதுகாப்பு என்று தீர்மானித்து, பலகைக் கதவுகளைப் போட்டு வெளியே பூட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்க்கலாம் என்றுதான் நினைப்பு. ஊரடங்குச் சட்டம் நீண்டுகொண்டே போனது. மூன்று நாள் அக்குறணையைவிட்டு நகர முடியவில்லை. நான் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி நடந்தேன். உம்மா தொழுகைப் பாயைவிட்டு எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரடங்கைத் தளர்த்திய இரண்டு மணி நேரத்தில் வாப்பாவும் நானும் போனோம். பக்கத்துக் கடை கரிந்து கிடந்தது. எங்கள் கடை அப்படியே இருந்தது. வாப்பா சாவியை என்னிடம் தந்தார், பூட்டைத் திறந்தது நான்தான்.

அழகம்மா தொட்டிக்குப் பக்கத்தில் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோள் வரைக்கும் தண்ணீருக்குள். கை மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் அது நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமையே மின்சாரம் போய்விட்டதாம். காற்றுப் பம்பு நின்றுவிட்டது. குவளையால் மொண்டு ஊற்றினால் தண்ணீருக்குக் காற்று கிடைக்கும். ஆனால் ஊற்றினால் சத்தம் கேட்கும். பலகைக்கு அந்தப் பக்கம், எங்கள் கடைப் படியில், அந்தக் கும்பல் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் கையை உள்ளே விட்டு, தண்ணீரின் மேல்தட்டைச் சத்தம் வராமல் கலக்கியிருக்கிறார். வலது கை ஓய்ந்தால் இடது கை. மூன்று நாள். அடுப்பு மூட்டவில்லை, புகை வெளியே தெரியும் என்று. சாப்பாடு ஒரு பைக்கட் பிஸ்கட்தான்.

கையைத் துணியால் துடைத்துவிட்டேன். தோல் வெள்ளையாய் ஊறி, விரல் நுனிகள் வெடித்திருந்தன. உப்பு பட்டு எரிந்திருக்கும். சுவரில் மூன்று நாளின் கோடுகளும் இருந்தன. பன்னிரண்டு, பதினைந்து, பதினைந்தரை, பதின்மூன்று, பத்து, ஒன்பது. பக்கத்துக் கடை எரியும்போதும் எண்ணியிருக்கிறார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. வளையல் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்து அவர் விரலைத் தேடியது.

அலுவலகத்தின் அடுத்த கடிதம் வருமுன்பே அழகம்மா, "எழுதுங்க டீச்சரம்மா, நான் வாறேன்னு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் கடையில்தானே உயிர் தப்பினீர்கள், இனிமேல் ஒன்றும் நடக்காது, வாப்பா அக்குறணையில் அறை கட்டித் தருவார், மீனை யார் பார்ப்பது என்றெல்லாம் கேட்டேன். கடைசியில், "என்ன விட்டுட்டா போறீங்க?" என்றும் கேட்டுவிட்டேன்.

"மூணு நாளு நான் இரும்பலைங்க" என்றார் அவர். "புகையில தொண்டை அரிச்சிச்சு. சேலையை வாயில அடைச்சிக்கிட்டு இரும்பாம இருந்தேன். ஒரு ஊருல இரும்புறதுக்கும் பயந்துகிட்டு இருக்க முடியாதும்மா."

மறுநாள் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

1984 சித்திரையில் கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட்டேன். பிளாட்பாரம் முழுக்க மலைநாட்டுச் சனம், தகரப் பெட்டியும் அழுகையுமாக. தலைமன்னார் போய்க் கப்பல் ஏற வேண்டும். "கடலப் பாக்கப் போறீங்க" என்று சொன்னேன், சிரிக்க வைக்கலாம் என்று. "ஆமாங்க" என்றார். "காலையில எண்ணிடுங்க. மறந்துறாதீங்க." கோச்சி நகர்ந்த பிறகுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு மீனைப் பற்றியது என்பது உறைத்தது.

நான் எண்ணினேன். ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு மாதம் கழித்து லொறியில் வந்த கேன்களைப் பால்மானி விட்டுப் பார்த்தேன். எல்லாம் இருபத்துநாலு. தொட்டியில் ஊற்றினேன். ஒரு கேனில் முன்பு தோட்டத்து மருந்து ஏதோ இருந்திருக்க வேண்டும். பால்மானிக்கு அது எப்படித் தெரியும்? நான் மூடியை மோந்து பார்க்கவில்லை, நாக்கில் வைக்கவில்லை. வளையல் அன்று மாலைக்குள் செத்துவிட்டது. மற்றதுகளும் இரண்டு நாளில் போய்விட்டன. வாப்பா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஆவணியில் அழகம்மாவின் முதல் கடிதம் வந்தது. கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"டீச்சரம்மாவுக்கு அழகம்மா எழுதுவது. கடலப் பாத்தேன். கப்பல் ஏறுற எடத்துல கைய நனைச்சி நாக்குல வச்சிப் பாத்தேன். நம்ம தொட்டித் தண்ணி மாதிரியேதான் இருக்கு. நீங்க கொண்டாந்ததெல்லாம் நல்ல தண்ணிதான். வளையல் எப்புடி இருக்கு? எத்தனை கோடு? கோடாவே போட்டு அனுப்புங்க. அதையாவது நானே படிச்சிக்குவேன்."

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மீன் இல்லையென்றால் இனி என்னிடம் கேட்பதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? ஊர் விட்டுப் போனவர்கள் முதலில் நிறைய எழுதுவார்கள், பிறகு பண்டிகைக்கு எழுதுவார்கள், பிறகு எழுதமாட்டார்கள். எனக்கு அந்தக் கடிதங்கள் வேண்டும். நலம் விசாரித்து நாலு வரி எழுதி, கீழே எட்டுக் கோடு போட்டு அனுப்பினேன்.

அடுத்த கடிதத்திலும் கேட்டார். எட்டுக் கோடு. தைப்பொங்கலுக்கு எழுதினார். எட்டுக் கோடு. சண்டை பெரிதாகி, திருகோணமலை வீதியில் லொறி ஓடாமல் போய், கண்டியிலும் மூலைக்கு மூலை சோதனைச் சாவடி முளைத்த காலத்திலும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை அழகம்மாவின் நீல நிறக் கடித உறை வந்தது. வளையலைப் பற்றிக் கேட்காத கடிதம் இல்லை. நான் எட்டுக் கோடு போடாத பதில் இல்லை. ஆறு வருடம். இதற்கிடையில் எனக்குக் கலியாணமாயிற்று, வாப்பா மௌத்தானார், கடையைத் தம்பி எடுத்தான். எல்லாவற்றையும் எழுதினேன். எட்டுக் கோட்டை மட்டும் மாற்றவில்லை.

1990இல் வந்த கடிதம் என்னிடம் இன்னும் இருக்கிறது. வேறு யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து.

"டீச்சரம்மா, மாசிக் குளிருக்கும் எட்டுக் கோடு, சித்திர வெயிலுக்கும் எட்டுக் கோடு. உசுரோட இருக்கிற மீனு அப்புடி மூச்சு விடாதும்மா. நாலாவது காயிதத்துலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு. நீங்க சொல்ல முடியாம இருக்கீங்க, கேட்டா நோவும்னு சும்மா இருந்தேன். நான் கேட்டா நீங்க பதில் போடுறீங்க, அது போதும்னு இருந்துச்சு. இப்ப நெஞ்சு சளி புடிச்சி ரொம்ப முடியாம கெடக்கேன். அதனாலதான் கேக்குறேன். என்னா வந்து போச்சு? அன்னைக்கு எத்தனை கோடு?"

பொய் சொன்னதுதான் சொன்னேன், ஏழரை என்றும் ஒன்பது என்றும் மாற்றி மாற்றிப் போடும் அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அப்படி ஒரே எண்ணை எழுதிய கொப்பியை என் மாணவி கொண்டுவந்திருந்தால் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே எறிந்திருப்பேன். அவர் எறியவில்லை.

அன்றைக்கே கடைக்குப் போனேன். தொட்டி இருந்த இடத்தில் தம்பி திரைச்சீலைக் கட்டுகளை அடுக்கியிருந்தான். அவற்றை இழுத்துப் போட்டேன். பச்சைச் சுவரில் என் கோடுகள் மங்கலாக இருந்தன. வளையல் செத்த அந்தக் கடைசிப் பின்னேரம் நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வளையலை விட்டுக் கண்ணை எடுக்காமல், கண்ணாடியில் தெரிந்த சிவப்பு முள்ளைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதிலில், கேனை மோந்து பார்க்காததை முதலில் எழுதினேன். பிறகு சுவரைப் பார்த்துப் பார்த்துக் கோடுகளைப் போட்டேன். பதினாறு. பதினாறரை. பதினொன்று. ஏழு. மூன்று. கடைசியில் ஓர் அரைக் கோடு. அவர் அதைத் தானே வாசித்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பெரிதாகப் போட்டேன்.